மூன்றே நிமிடம்... 129 உயிர்கள்!

போர் முடிய 39 நாள்களே இருந்தன. விடுமுறை கழித்துவிட்டுக் கொரியாவின் போர்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர்களின் உயிரைப் பறித்தது எதிரியின் குண்டல்ல. அவர்களை ஏற்றிச் சென்ற சரக்கு விமானம். நூறு பேருக்கு மேல் பலிகொண்ட உலகின் முதல் விமான விபத்தின் கதை இது. அதிலிருந்து நாம் எதைக் கற்றோம், எதைக் கோட்டைவிட்டோம் என்ற கதையும்கூட.

1953-ம் ஆண்டு ஜூன் 18. மாலை 4.31 மணி. டோக்கியோவுக்கு மேற்கே டச்சிகாவா அமெரிக்க விமானப்படைத் தளம். சியோலுக்குப் போக வேண்டிய சி-124 குளோப்மாஸ்டர் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியது. பயணிகள் 122 பேர், விமானக் குழுவினர் 7 பேர். பயணிகளில் பெரும்பாலோர் விமானப்படையைச் சேர்ந்த இளைஞர்கள். கொரியப் போர்க்களத்திலிருந்து சில நாள் ஓய்வுக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அது முடிந்து பணிக்குத் திரும்புகிறவர்கள்.

புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் இடது ஓரத்து எஞ்சினில் கோளாறு. விமானி அதை நிறுத்தினார். தளத்துக்கே திரும்புவதாக அறிவித்துவிட்டு, இடப்பக்கமாக வளைந்தார். உயரத்தைத் தக்கவைக்க முடிகிறதா என்று தரைக்கட்டுப்பாட்டிலிருந்து கேட்டார்கள். முடியும் என்ற பதிலும் போனது. அதற்கடுத்த நொடிகளில் வேகம் சரசரவெனக் குறைந்தது. கூடுதல் சக்தி கொடுக்கச் சொல்லி விமானி குரல் கொடுத்தார். பலனில்லை. 4.34 மணிக்கு, தளத்திலிருந்து சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தொலைவில், கொடைராவில் ஒரு தர்பூசணித் தோட்டத்தில் விமானம் விழுந்து தீப்பிடித்தது. இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒருவரை மட்டும் உயிரோடு மீட்டார்கள். அவரும் சற்று நேரத்தில் இறந்துபோனார்.

129 பேர். ஒரே விமான விபத்தில் இறந்தோர் எண்ணிக்கை மூன்று இலக்கத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. 1960 டிசம்பரில் நியூயார்க் வானில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 134 பேர் இறக்கும்வரை, இதைவிடப் பெரிய விபத்து உலகில் நடக்கவில்லை.

விபத்து நடந்த அதே ஜூன் 18-ல் கொரியாவில் இன்னொரு பரபரப்பு. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, கம்யூனிச நாட்டுக்குத் திரும்ப மறுத்த சுமார் 27,000 போர்க்கைதிகளை யாரையும் கேட்காமல் விடுவித்தார். கையெழுத்தாகவிருந்த போர்நிறுத்தமே முறிந்துவிடுமோ என்று உலகம் பதறியது. ஒருவழியாக ஜூலை 27-ல் பன்முன்ஜோமில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மீதமிருந்த கைதிகள் சிக்கலைத் தீர்க்க அமைக்கப்பட்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா தலைமையேற்றார். அந்தப் பெரிய செய்திகளுக்கு நடுவே 129 பேரின் மரணம் சில நாள்களிலேயே பின்பக்கங்களுக்குப் போய்விட்டது. அடுத்த மாதமே போர் நின்றுவிடும் என்பதை அறியாமல் அவர்கள் போய்விட்டார்கள். வேறு எந்த எண்ணையும்விட அந்த 39 நாள்தான் மனத்தைப் பிசைகிறது.

இரண்டு மாடிச் சரக்குக் கிடங்கு

குளோப்மாஸ்டரை டக்ளஸ் நிறுவனம் வடிவமைத்தது. முதன்முதலில் பறந்தது 1949 நவம்பரில். மூக்குப் பகுதி இரண்டு கதவுகளாகப் பிளந்து திறக்கும். உள்ளிருந்து சாய்தளம் இறங்கும். லாரியையும் பீரங்கியையும் கழற்றாமல் கொள்ளாமல் அப்படியே ஓட்டி உள்ளே ஏற்றலாம். நடுவயிற்றில் சரக்கு ஏற்ற லிஃப்ட் வேறு. இடைத்தளத்தை விரித்துவிட்டால் இரண்டு மாடியாகிவிடும். முழு ஆயுதங்களோடு 200 வீரர்கள் உட்காரலாம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 53 மீட்டர். மொத்தம் 448 விமானங்கள் தயாராயின.

இந்தப் பெரிய உடலைத் தூக்கியவை நான்கு பிராட் அண்ட் விட்னி 'வாஸ்ப் மேஜர்' எஞ்சின்கள். தலா 3,500 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினிலும் ஏழு ஏழாக நான்கு வரிசை, ஆக 28 சிலிண்டர்கள். சிலிண்டருக்கு இரண்டு வீதம் 56 ஸ்பார்க் பிளக். நான்கு எஞ்சினுக்கும் சேர்த்தால் 224! பிஸ்டன் எஞ்சினை இதற்கு மேல் பெரிதாக்க முடியாது என்ற நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திய தொழில்நுட்பம் அது. சக்தி உண்டு, பராமரிப்பு பெரும்பாடு. பறக்கும்போது உடல் முழுக்க அதிர்ந்ததால் அதை ஓட்டியவர்கள் 'ஓல்டு ஷேக்கி' என்றே கூப்பிட்டார்கள்.

ஏழு மாதத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இதே ரக விமானங்கள் மூன்று அடுத்தடுத்து விழுந்தன. 1952 நவம்பர் 22-ல் அலாஸ்காவின் கேனட் மலையில் மோதியதில் 52 பேர் இறந்தார்கள். பனியில் புதைந்த அந்த விமானத்தின் பாகங்கள் 60 ஆண்டுகள் கழித்து, 2012 ஜூனில்தான் காலனி பனியாற்றில் வெளியே தெரிந்தன. அந்த முதல் விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் 87 பேர். அடுத்தது டச்சிகாவா. மூன்றிலும் சேர்த்து 268 பேர்.

வேகம் போனால் எல்லாம் போயிற்று

ஒரு எஞ்சின் நின்றால் நான்கு எஞ்சின் விமானம் விழுந்துவிடுமா? விழக் கூடாது. மூன்று எஞ்சினில் பறக்கும்படிதான் அது கட்டப்பட்டிருந்தது. அப்படியானால் டச்சிகாவாவில் நடந்தது என்ன?

இரட்டை மாட்டு வண்டியில் இடப்பக்க மாடு படுத்துவிட்டால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். விமானத்துக்கும் அதே கதிதான். வலப்புறம் இரண்டு எஞ்சின்கள் முழு வேகத்தில் தள்ள, இடப்புறம் ஒன்றுதான் வேலை செய்கிறது. மூக்கு இடது பக்கம் ஓடும். அதை நேராக நிறுத்துவது வாலில் செங்குத்தாக நிற்கும் சுக்கான். அந்தச் சுக்கானுக்குப் பலம் கொடுப்பது அதன்மீது பாயும் காற்று. காற்று பலமாகப் பாய வேண்டுமென்றால் விமானம் வேகமாகப் போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சுக்கான் பேச்சைக் கேட்காது.

இரண்டாவது சிக்கல் ஃபிளாப். இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் இந்த மடல்களை, விமானம் தரையிறங்கும்போது ஜன்னலோர இருக்கையிலிருந்து பார்த்திருப்பீர்கள். மெதுவாகப் போகும்போதும் விமானத்தைத் தாங்கிப்பிடிக்க அவை உதவும். ஆனால், காற்றைத் தடுத்து வேகத்தையும் குறைக்கும். நான்கு எஞ்சினும் இயங்கினால் அந்தத் தடையைச் சமாளித்துவிடலாம். ஒன்று நின்றுபோன நிலையில், தாழ்ந்த உயரத்தில், வளைந்து திரும்பிக்கொண்டே ஃபிளாப்பை இறக்கினால்? வளையும்போது விமானம் நேராகப் பறப்பதைவிட அதிக வேகம் வேண்டும். இங்கோ வேகம் கரைகிறது. இறக்கைமேல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. தூக்குவிசை சட்டென்று அறுந்துவிடுகிறது. விமானிகள் 'ஸ்டால்' என்று அஞ்சும் நிலை இது. உயரத்தில் இருந்தால் மூக்கைக் கீழே இறக்கி வேகத்தை மீட்டுக்கொள்ளலாம். தரைக்கு இவ்வளவு அருகில் அதற்கு இடமே இல்லை.

எஞ்சின் கோளாறையும் ஃபிளாப்பைக் கையாண்ட விதத்தையும் சேர்த்தே விபத்துக்குக் காரணமாகச் சொன்னது விசாரணை. விமானியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. எழும்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உயரமில்லை, முதுகுக்குப் பின்னால் 122 பேர். அந்த நொடியில் எல்லா மனித மூளையும் கேட்பது ஒன்றுதான்: 'சீக்கிரம் கீழே இறக்கு.' அந்த உந்துதலை வெல்ல, கைகள் பழகியிருக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்து அப்படிப் பழக்க வேண்டிய பொறுப்பு அவரை அனுப்பிவைத்த அமைப்புக்கு உண்டு.

கழற்ற மறந்த பூட்டு

டச்சிகாவா விமானத்துக்கு வானில் கோளாறு வந்தது. மோசஸ் லேக் விமானமோ கோளாறோடுதான் தரையை விட்டே கிளம்பியது.

1952 டிசம்பர் 20. கிறிஸ்துமஸுக்கு ஐந்தே நாள். வீரர்களைப் பண்டிகைக்கு வீடு சேர்க்க 'ஸ்லெய் ரைடு' என்ற பெயரில் அமெரிக்க விமானப்படை சிறப்பு விமானங்களை இயக்கியது. மோசஸ் லேக்கின் லார்சன் தளத்திலிருந்து டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குக் கிளம்பிய குளோப்மாஸ்டரில் 115 பேர். எழும்பிய சில நொடிகளிலேயே இடது இறக்கை தரையில் உரசியது. விமானம் புரண்டு, உடைந்து, வெடித்தது. 87 பேர் இறந்தார்கள். 28 பேர் தப்பினார்கள். அதற்கு முன்பு உலகின் மிகப் பெரிய விமான விபத்து, 1950-ல் வேல்ஸின் லாண்டோவில் 80 பேர் இறந்தது. அதை மோசஸ் லேக் தாண்டியது; மோசஸ் லேக்கை ஆறே மாதத்துக்குள் டச்சிகாவா தாண்டியது. இரண்டு முறையும் ஒரே ரக விமானம்.

மோசஸ் லேக்கில் எஞ்சின்கள்மீது பழி விழவில்லை. காரணம் ஒரு பூட்டு.

நிறுத்திவைத்த விமானத்தின் வாலிலுள்ள அசையும் பாகங்கள் பலத்த காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டால் கீல்கள் நாசமாகிவிடும். அதனால் அவற்றை அசையாமல் பிடித்துவைக்க 'கஸ்ட் லாக்' என்று ஒரு பூட்டு உண்டு. கிளம்பும் முன் அதை விடுவிக்க வேண்டும். அன்று யாரும் விடுவிக்கவில்லை. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் திசை திருப்பும் சுக்கானும் பூட்டியபடியே இருக்க, அந்த விமானம் ஓடுபாதையில் ஓடியது, எழும்பவும் செய்தது. எழும்பிய பிறகு விமானியின் கைக்கு அது கட்டுப்படவில்லை.

இதற்கு மாற்று மருந்து மிக எளிது. கிளம்பும் முன் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னும் பின்னும், இடமும் வலமும் கடைசிவரை தள்ளிப் பார்க்க வேண்டும். சுக்கான் மிதிகளை இரண்டு பக்கமும் முழுக்க அழுத்திப் பார்க்க வேண்டும். பூட்டு இருந்தால் அசையாது. சில நொடி வேலை. அதைச் செய்திருந்தால் 87 குடும்பங்களில் அந்தக் கிறிஸ்துமஸ் சாவு வீடாகியிருக்காது.

17 வருடத்துக்கு முன்பே படித்த பாடம்

இதில் மனம் ஆற மறுக்கும் விஷயம் வேறொன்று. விமான உலகத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

1935 அக்டோபர் 30. ஓஹியோவின் ரைட் ஃபீல்டு. ராணுவத்துக்குக் குண்டுவீச்சு விமானம் விற்கும் போட்டியில் போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' எல்லோரையும் முந்திக்கொண்டிருந்தது. அன்று கிளம்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறி, அப்படியே சரிந்து விழுந்தது. விமானி மேஜர் பிளாயர் ஹில், போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவர் இருவரும் காயங்களால் இறந்தார்கள். காரணம், விடுவிக்காத கஸ்ட் லாக். இருவரும் கத்துக்குட்டிகள் அல்லர். நாட்டின் மிகத் தேர்ந்த விமானிகள். ஹில்லின் பெயரில்தான் யூட்டா மாநிலத்தில் இன்று ஒரு விமானப்படைத் தளம் இருக்கிறது.

இவ்வளவு சிக்கலான விமானத்தை ஒரு மனிதனால் ஓட்ட முடியாது என்ற பேச்சு எழுந்தது. போட்டியின் பெரிய ஆர்டர் டக்ளஸ் நிறுவனத்தின் பி-18-க்குப் போனது. போயிங்கிடம் சோதனைக்காக 13 விமானங்கள் மட்டும் கேட்டார்கள். அந்த விமானங்களுக்கான விமானிகள் அப்போது ஒரு முடிவெடுத்தார்கள்: நினைவை நம்பாதே, தாளில் எழுதிவைத்துப் படித்துச் சரிபார். விமானங்களில் 'செக் லிஸ்ட்' முறை வேரூன்றியது அப்படித்தான். அந்த மாடல் 299-தான் பின்னர் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானமானது. இன்று அறுவை சிகிச்சை அரங்குகளில் மருத்துவர்கள் படித்துச் சரிபார்க்கும் பட்டியலுக்கும் இந்த முறைதான் முன்மாதிரி.

அத்தனையும் தெரிந்த உலகத்தில்தான் 17 வருடம் கழித்து மோசஸ் லேக் நடந்தது. தாளில் எழுதிய பாடம், தாளைக் கையிலெடுக்கும்போது மட்டுமே உயிர் காக்கும்.

லாபம் முக்கியம், ஓய்வு அப்புறம்

ராணுவத்துக்கு அவசரம் என்றால், தனியார் சரக்கு நிறுவனங்களுக்குக் காசு. 1958 செப்டம்பர் 2 அதிகாலை லண்டன் ஹீத்ரோவிலிருந்து 'இண்டிபெண்டன்ட் ஏர் டிராவல்' நிறுவனத்தின் விக்கர்ஸ் வைக்கிங் விமானம் கிளம்பியது. டெல் அவிவுக்குப் போக வேண்டிய இரண்டு விமான எஞ்சின்கள்தான் சரக்கு. கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு எஞ்சின் கோளாறு. திரும்ப முயன்றபோது உயரமும் வேகமும் குறைந்து, சவுத்தால் பகுதியில் வீடுகள்மேல் விழுந்தது. குழுவினர் 3 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள். டச்சிகாவாவின் அதே கணக்கு: ஒரு எஞ்சின் நின்றது, வேகம் கரைந்தது, கட்டுப்பாடு போனது.

பிரிட்டனின் பொது விசாரணை விமானியோடு நின்றுவிடவில்லை. அதிக பாரம், தகுதியில்லாத பராமரிப்பு, போதிய ஓய்வில்லாத குழு என்று வேர்வரை தோண்டியது. விதி, விமானத்தின் நிலை, ஊழியரின் களைப்பு எதையும் பொருட்படுத்தாமல் விமானத்தைப் பறக்கவிட்டுச் சம்பாதிப்பதையே அந்த நிறுவனம் திட்டமிட்ட கொள்கையாக வைத்திருந்தது என்று நேரடியாகக் குற்றம்சாட்டியது. விபத்து விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றும் அதுதான் உதாரணம்.

விமானம் கிளம்பிய தளம்

டச்சிகாவா தளத்தின் கதை அந்த விபத்தோடு முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, பெரிய விமானங்களுக்காக ஓடுபாதையை நீட்ட முனைந்தார்கள். அதற்குப் பக்கத்து ஊரான சுனாகவாவின் விவசாயிகளுடைய நிலம் தேவைப்பட்டது. அவர்கள் தர மறுத்தார்கள். மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் துணைக்கு வந்தார்கள். காவல்துறையோடு மோதல், காயங்கள், கைதுகள். 1959-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அமெரிக்கப் படைகள் ஜப்பானில் இருப்பதே அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் விவசாயிகள் அசரவில்லை. 1968-ல் ஓடுபாதைத் திட்டத்தையே கைவிட்டார்கள். 1977-ல் தளம் ஜப்பானிடம் திரும்பியது. இன்று அதன் ஒரு பகுதியில் ஷோவா நினைவுப் பூங்கா இருக்கிறது.

இன்னும் பழைய பாடம்தான்

'எல்லாம் அந்தக் காலம். இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது' என்று நினைத்தால், 2014 மே 31-ஐப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் சொகுசு ஜெட் ஒன்று எழும்பவே முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி ஓடி எரிந்தது. 7 பேர் பலி. காரணம், விடுவிக்காத கஸ்ட் லாக்! பூட்டிய நிலையில் எஞ்சின் வேகத்தை ஏற்ற விடாமல் தடுக்க வேண்டிய அமைப்பும் சரியாகத் தடுக்கவில்லை. பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்த விசாரணையாளர்களுக்கு இன்னொன்று தெரிந்தது: அந்த விமானிகள் அதற்கு முன் செய்த 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் தண்டையும் மிதிகளையும் முழுமையாக அசைத்துச் சோதிக்கவே இல்லை. எத்தனையோ முறை செய்யாமல் விட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் வந்த தைரியம். அந்தப் பதிவு முழுக்க விமானத்திலேயே இருந்தது. யாராவது முன்கூட்டி எடுத்துப் பார்த்திருந்தால் 7 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

சரக்கு விமானங்களைப் பற்றிய அலட்சியமும் தொடர்கிறது. 2009-ல் பஃபலோ அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, விமானிகளின் ஓய்வு நேரத்துக்கு அமெரிக்கா புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2014-ல் அமலுக்கு வந்த அந்த விதிகளிலிருந்து சரக்கு விமானங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். சரக்கு விமானம் விழும் இடத்திலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்று சவுத்தாலில் இறந்த நால்வரும் 1958-லேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் எழும்பிய நொடிகளிலேயே விழுந்த விமானம் 260 பேரைப் பலிகொண்டதை இந்தியா மறக்காது. அது வேறு விதமான விபத்து. ஆனால், எழும்பும் நேரத்தில் தவறுக்கு இடமே கிடையாது என்பதை நம் வீட்டு வாசலில் வந்து உணர்த்திய விபத்து அது.

எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பூட்டு விடுவிக்கப்படாவிட்டால் எஞ்சின் முழு வேகம் எடுக்கவே முடியாதபடி விமானத்தை வடிவமைத்து, அதை உண்மையாகச் சோதித்துச் சான்று தர வேண்டும். பதிவுக் கருவிகளில் உள்ள தகவலை விபத்துக்குப் பிறகு தோண்டாமல், வழக்கமாகவே எடுத்துப் படித்துச் சோம்பலைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய பயணிகள் நிறுவனங்கள் இன்று செய்வது இது. தனி ஜெட்டுகளுக்கும் சரக்கு விமானங்களுக்கும் ராணுவ விமானங்களுக்கும் அதுவே கட்டாயமாக்கப்பட வேண்டும். 'சோதனை முடியாமல் கிளம்ப மாட்டேன்', 'களைப்பாக இருக்கிறது, ஓட்ட மாட்டேன்' என்று சொல்லும் விமானியின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது.

இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. 1935-லிருந்து கையில் இருக்கும் அறிவு போதும். பயணிக்கு ஒரு விதி, சரக்குக்கு ஒரு விதி என்ற பாகுபாட்டை நீக்க எத்தனை அரசுகள் முன்வருகின்றன என்பதை வைத்துத்தான், அந்த 129 பேரின் சாவிலிருந்து உலகம் படித்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.